ஹேவர்டுக்கு அப்புறம் யார்? பிட்ஸ்பர்க்குக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் வந்தீர்கள், வேலை பிடித்திருக்கிறது, வீடும் கிடைத்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை ஆபீஸில் காபி மெஷின் பக்கம் போனாலே, இந்த ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸில் முன்வரிசைத் தடுப்பாளர் கேம் ஹேவர்டுக்கு வயதாகிவிட்டது, அவருக்கு அப்புறம் யார், அந்தப் புதுப்பையன் ஹார்மன் தேறுவானா என்று அரை மணி நேரம் ஓடுகிறது, நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா, இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒதுக்கமாட்டார்கள். இங்கே பதினேழு வருடமாக இருக்கிறேன், ஃபுட்பால் தெரியாததால் யாருக்கும் பதவி உயர்வு நின்றதாக நான் பார்த்ததில்லை. ஆனால் செப்டம்பர் முதல் ஜனவரி வரை இந்த ஊரில் வேறு பேச்சு கிடையாது, அதில் கலந்துகொள்ளாமல் இருப்பது நம் ஊரில் மழையைப் பற்றிப் பேசாமல் இருப்பது மாதிரி. சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், உங்கள் ஆபீஸ்காரர்கள் பேசும் இந்த ஹேவர்ட் விஷயத்திலிருந்தே ஆரம்பியுங்கள் என்பேன். பந்தைப் பிடிக்கிறவர், எறிகிறவர் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

நான் வந்தது 2008 அக்டோபரில். முதல் மாதமே சாப்பாட்டு அறை டிவியில் ஸ்டீலர்ஸ் ஆட்டத்தின் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, நடுவில் நிற்கும் ஒரு பெரிய உருவத்தைக் காட்டி, "இவர் பந்தையே தொடுவதில்லையே, எதற்கு இவ்வளவு குண்டான ஆளை வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. அவர் பெயர் கேசி ஹாம்ப்டன். 2001ல், புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பங்குபோடும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர், அப்போது ஊரே கொண்டாடிய ஆள். அந்தப் பருவம் முடிந்து 2009 பிப்ரவரி 1ஆம் தேதி அரிசோனாவை 27-23 என்று வென்று சூப்பர் பௌல், அதாவது பருவத்தின் இறுதிக் கோப்பையை வாங்கினார்கள். அன்றிரவு பனிக்குளிரில் சட்டை இல்லாமல் தெருவில் ஓடியவர்களில் ஒருவர், நான் கேள்வி கேட்ட அன்று முறைத்துப் பார்த்த எங்கள் கணக்குப் பிரிவுக்காரர்.

எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பிராடாக்கில் இருக்கும் எட்கர் தாம்சன் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்டீலர்ஸ் என்று சொல்லமாட்டார், "ஸ்டில்லர்ஸ்" என்பார், நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். அவர் போட்ட முதல் கட்டளை, பந்தைப் பார்க்காதே என்பதுதான். முன்வரிசையில் நிற்கிறவர்களின் முழங்காலையும் கையையும் பார் என்றார். எனக்கு உடனே ஊர்த் தேர்தான் ஞாபகம் வந்தது. தேரோட்டத்தில் எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள், வடம் பிடிக்கிறவர்களைப் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. டிஃபென்சிவ் லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று தடுக்கிறவர் வேலை ஏறக்குறைய அதுதான்.

இரண்டு வரியில் ஆட்டம்: பந்து வைத்திருக்கும் அணி நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. பந்து அசைந்த நொடியில் எதிரணியின் 140 கிலோ ஆள் ஒருவர், பல நேரம் இரண்டு பேர் சேர்ந்து, இந்த லைன்மேன் மேல் வந்து விழுவார்கள். இவர் பின்வாங்கக் கூடாது, ஓட்டம் எந்தப் பக்கம் என்று அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே கையால் அவர்களைத் தடுத்து வைத்திருக்க வேண்டும், பின்னால் நிற்கிறவர் வந்து பந்துக்காரனை அமுக்குவார், பேர் அவருக்குப் போகும். ஹாம்ப்டன் இரண்டு பேரைத் தாங்கிக்கொண்டு நின்றதால் பின்னால் நின்ற எத்தனையோ பேர் நட்சத்திரமானார்கள். இதையே ஒரு ஆட்டத்துக்கு ஐம்பது அறுபது முறை செய்ய வேண்டும்.

இப்போது வயது விஷயம். இந்த இடத்தில் ஆடுகிறவருக்கு முதலில் போவது அந்த முதல் எட்டின் வேகம், அப்புறம் இடுப்பு, முழங்கால், தோள். போகாமல் நிற்பது கைவேலையும் எதிராளியைப் படிக்கிற கண்ணும். அதனால்தான் முப்பத்தைந்து வயதிலும் ஒருவர் பிரமாதமாக ஆடலாம், ஆனால் அறுபது முறையும் ஆட முடியாது. நாற்பது முறை அவர், மீதி இருபது முறை வேறு ஒருவர். இந்த இருபதில்தான் வாரிசு உருவாகிறான். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர் என்றால் ஒருவர் விலகினால்தான் அடுத்தவருக்கு இடம். லைன்மேனுக்கு அப்படியில்லை, பழையவர் மூச்சு வாங்க வெளியே போகும்போதெல்லாம் புதியவன் உள்ளே போய் அடி வாங்கிவிட்டு வருவான். பெஞ்சுக்குத் திரும்பியதும், உன் கை கீழே இருந்தது, உன் கால் முன்னால் போனது என்று பழையவர் சொல்லுவார். இதைக் கவனிக்கப் பழகிவிட்டால் ஆட்டம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் வந்தபோது முன்வரிசை மூன்று பேர்: இடது ஓரம் ஆரன் ஸ்மித், நடுவில் ஹாம்ப்டன், வலது ஓரம் தாடிக்காரர் பிரெட் கைசல். ஸ்மித் 1999ல் நாலாவது சுற்றில் வந்தவர், அமைதியான ஆள், பெரியவருக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான். ஆனால் 2009, 2010, 2011 மூன்று பருவத்தையும் காயத்தால் பாதியில் விட்டார். அணி தூங்கவில்லை. 2009லேயே முதல் சுற்றில் 32வதாக ஸிகி ஹுட் என்பவரை எடுத்தார்கள், 2011ல் மறுபடி முதல் சுற்றில் 31வதாக ஹேவர்டை எடுத்தார்கள். ஹுட் தேர்ந்த உழைப்பாளி, ஆனால் அந்த இடத்துக்கு அவர் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஹேவர்ட் முதல் இரண்டு வருடம் ஒரு ஆட்டத்தைக்கூட ஆரம்ப வரிசையில் தொடங்கவில்லை. 2013 பருவம் ஆரம்பித்த பிறகுதான் ஹுட்டைத் தள்ளிவிட்டு அந்த இடம் இவருக்கு வந்தது. ஒரு நாற்காலிக்கு முதல் சுற்றில் இரண்டு பேர், நாலு வருடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஹார்மன் பேச்சு வரும்போது உதவும்.

ஹாம்ப்டன் இடத்துக்கு யாருமே தேர்ந்தெடுக்காமல் விட்ட ஸ்டீவ் மக்லெண்டன் வந்தார், கல்லூரியில் பாலே நடன வகுப்புக்குப் போனவர். சும்மா சொல்லி வைக்கிறேன், காபி நேரத்துக்குப் பயன்படும்.

ஹேவர்டைப் பற்றிக் கொஞ்சம். பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா கிரெய்க் ஹேவர்ட் இங்கே பிட், அதாவது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், "அயர்ன்ஹெட்" என்று பட்டப்பெயர், 2006ல் மூளைக்கட்டியால் இறந்துபோனார், 39 வயதுதான். 2015ல் மகன் கண்ணுக்குக் கீழே பூசும் கறுப்பு மையில் அந்தப் பட்டப்பெயரை எழுதிக்கொண்டு ஆடியதற்கு, இந்த அணிகளின் லீக்கான என்.எஃப்.எல். அபராதம் போட்டது. அன்றைக்கு இந்த ஊர் கோபப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருக்கு வாரிசு தேடும் கதைதான் சோகம். உண்மையான வாரிசு 2014லேயே கிடைத்தாயிற்று, இரண்டாவது சுற்றில் எடுத்த ஸ்டெஃபன் டூயிட். ஹேவர்டைவிட நாலு வயது சின்னவர், 2020ல் 11 சாக், அதாவது குவார்ட்டர்பேக்கைப் பதினொரு முறை பந்தோடு வீழ்த்தினார். 2021ல் டூயிட்டின் தம்பி சாலை விபத்தில் இறந்தார், முழங்காலும் சரியில்லை, அந்த வருடம் ஆடவே இல்லை, 2022 ஜூனில் முப்பது வயது ஆகும் முன்பே ஓய்வு அறிவித்துவிட்டார். யாரைக் குறை சொல்ல முடியும்? ஆனால் அதற்கு அப்புறம் அணி செய்ததைக் குறை சொல்லலாம். 2021ல் ஐந்தாவது சுற்றில் ஒருவர், 2022ல் மூன்றாவது சுற்றில் ஒருவர் என்று மலிவாகப் பார்த்தார்கள், இரண்டு பேரும் பெயர் சொல்லும்படி வளரவில்லை. 2023ல் இரண்டாவது சுற்றில் எடுத்த கியானு பென்டன் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவர் நடுவில் நிற்கிறவர், ஹேவர்ட் இடம் வேறு. ஆபீஸில் யாராவது பென்டன்தான் வாரிசு என்று சொன்னால் மறுத்துப் பாருங்கள், அன்றைக்கே உங்களைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

மலிவாகப் பார்த்ததற்கு ஒரு காரணமும் உண்டு. டிராஃப்டில் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. மைக் டாம்லின் 2007ல் பயிற்சியாளராக வந்ததிலிருந்து 2024 வரை ஒரு பருவத்தில்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக இருந்ததில்லை, பெருமைதான், ஆனால் இவர்கள் முறை வருவதற்குள் நல்ல லைன்மேன்கள் போய்விடுவார்கள். 2014ல் நடந்ததை இங்கே இன்னும் புலம்புவார்கள். ஆரன் டொனால்ட், இந்தத் தலைமுறையின் மிகச்சிறந்த லைன்மேன் என்று நான் சொல்லுவேன், 13வதாக ராம்ஸ் அணிக்குப் போனார். ஸ்டீலர்ஸ் முறை 15வது. டொனால்ட் எந்த ஊர் தெரியுமா? பென் ஹில்ஸ். சனிக்கிழமை நீங்கள் புளியோதரைக்கு வரிசையில் நிற்கிறீர்களே, வெங்கடேஸ்வரா கோயில், அதே பென் ஹில்ஸ். அங்கே பள்ளிக்கூடத்தில் ஆடிவிட்டு, ஸ்டீலர்ஸ் பயிற்சிக்கூடத்தை ஒட்டியே பயிற்சி எடுக்கும் பிட் அணியில் இருந்தவர். இரண்டு இடம் தள்ளிப்போனதில் கைவிட்டுப் போனார்.

2023 முதல் ஆட்டத்திலேயே ஹேவர்டுக்கு இடுப்புப் பக்கம் காயம், அறுவை சிகிச்சை, ஆறு ஆட்டம் போச்சு. முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மறுவருடம் 35 வயதில் 8 சாக் எடுத்து நாலாவது முறையாக, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம்பிடித்தார். ஆனாலும் 2025 ஜனவரி பிளேஆஃபில், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றில், பால்டிமோர் ரேவன்ஸ் அணி இவர்கள் முன்வரிசை மேல் ஏறி ஓடியே 299 யார்டு எடுத்து 28-14 என்று வீட்டுக்கு அனுப்பியது. டெரிக் ஹென்ரி ஒருவரே 186. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியிலேயே டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பனி தள்ள ஆரம்பித்துவிட்டார்.

அந்த இரவின் விளைவுதான் டெரிக் ஹார்மன். 2025 ஏப்ரலில் முதல் சுற்றில் 21வதாக ஆரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்தார்கள், 140 கிலோவுக்கு மேல். ஐந்தாவது சுற்றில் அயோவாவிலிருந்து யாஹ்யா பிளாக் என்ற இன்னொரு மலையையும் எடுத்தார்கள். தேர்வு அறிவித்த இரவே ஹார்மனின் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், பையன் மகிழ்ச்சியோடு அழைப்பை எடுத்துவிட்டு அங்கே ஓடினான். ஆகஸ்டில் முழங்கால் சுளுக்கி ஆரம்ப ஆட்டங்களில் ஆடவில்லை. அதே ஆகஸ்டில் ஹேவர்ட் முகாமுக்கு வந்தும் அணியோடு ஆடாமல் ஓரமாக நின்று ஒப்பந்தத்தைத் திருத்தக் கேட்டார், முதல் ஆட்டத்துக்கு முன்னால் சமாதானமானது. வயதான ஆள் இப்படிக் கேட்கலாமா என்று உங்கள் ஆபீஸில் இரண்டு கட்சி இருக்கும். நான் கேட்கலாம் கட்சி.

ஆகவே திங்கட்கிழமை "ஹார்மன் தேறுவானா" என்று யாராவது கேட்டால், ஹேவர்டுக்கே மூன்றாவது வருடம்தானே இடம் கிடைத்தது என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் பேச்சை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஞாயிறு ஆட்டம் முழுவதும் உட்கார முடியாவிட்டால் முதல் பாதி மட்டும் பாருங்கள், 97 என்ற எண்ணைத் தேடுங்கள், அவர் வெளியே வரும்போது யார் உள்ளே போகிறார், எதிரணி உடனே அந்தப் பக்கமாக ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடும்.

டிக்கெட் விலைக்குப் பயந்து மைதானத்துக்குப் போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர். ஜூலை கடைசியில் லாட்ரோபில் செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் பயிற்சி முகாம் நடக்கும், கட்டணம் கிடையாது, ஒரு மணி நேரக் காரோட்டம். அங்கே லைன்மேன்கள் மோதும் சத்தத்தைக் கேட்டால் டிவியில் பார்த்ததெல்லாம் ஊமைப்படம் என்று தோன்றும். தொப்பியும் மோர் பாட்டிலும் கொண்டுபோங்கள், நிழலே கிடையாது. 2026 ஏப்ரல் டிராஃப்டுக்கே நம் ஊர்தான் இடம், அந்த மாதிரி நாட்களில் டவுன்டவுன் பக்கம் காரை எடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ரேவன்ஸ் ஆட்டம் இருக்கும் ஞாயிறு மதியம் பிறந்தநாள் விழாவுக்கு ஆபீஸ்காரர்களைக் கூப்பிடாதீர்கள், நான் கூப்பிட்டு நாற்பது பேருக்குச் செய்த பிரியாணியை நாங்கள் நாலு பேர் ஒரு வாரம் சாப்பிட்டோம். ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் ஆட்டத்தில் சுழற்றும் மஞ்சள் துண்டு ஒன்றை யாராவது பரிசாகக் கொடுத்தால் அதில் கையைத் துடைத்துவிடாதீர்கள். என் மனைவி முதல் வருடம் அதைச் சமையலறையில் தொங்கவிட்டிருந்தாள், சாம்பார் கறையோடு. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்று கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டுப் போனார்.