பழைய வாளிக்குள்ள மிளகாய்க்கண்டு: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அக்கா, எங்கட வீட்டில வெடிச்ச வாளி, பால்மா ரின், பழுதான ரைஸ்குக்கரின்ர உள்சட்டி எண்டு கனக்கச் சாமான் கிடந்தது. எறிய மனமில்லாமல் எல்லாத்துக்கும் பெயின்ற் அடிச்சு மாரிக்கு மிளகாயும் கத்தரியும் வைச்சன். தை மாசம் மட்டும் சோக்கா நிண்டது, சித்திரை வெய்யிலோட எல்லாம் கருகிப் போச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி விட்டும் ஏன் இப்பிடி?
ஒரு வாசகி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, அது தண்ணி காணாமல் கருகேல்ல, வேர் அவிஞ்சுதான் போயிருக்குது. நடு மத்தியானம் அந்த ரின்னில ஒருக்கா கையை வைச்சுப் பாருங்கோ, விளங்கும். தரையில நிக்கிற கண்டு எண்டா மேல்மண் சுட்டாலும் அடிவேர் குளிர்மையில நிக்கும், ரின்னுக்குள்ள இருக்கிறதே நாலு கை மண், அது பத்து மணிக்கே சூடேறிப் போடும், அதுக்குள்ள நிக்கிற வேர் எங்க போறது? நீங்கள் பின்னேரம் விட்ட தண்ணியும் சுடுமண்ணுக்குள்ளதான் போயிருக்குது.

அதால சாமானை எடுக்கேக்கயே அளவைப் பாருங்கோ. மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஒரு அடி ஆழமாவது வேணும், அதுக்கு உங்கட வெடிச்ச வாளி நல்லாக் காணும். பால்மா ரின்னும் குக்கர் சட்டியும் புதினாவுக்கும் கற்பூரவள்ளிக்கும்தான் சரி, அதையும் விறாந்தைக் கரையில காலமை வெய்யில் மட்டும் படுற இடத்தில வையுங்கோ. பெயின்ற் கடும்பச்சை, கறுப்பு எண்டு அடிச்சிருந்தா அதுக்கு மேல வெள்ளைச் சுண்ணாம்பு பூசிவிடுங்கோ, கடும் நிறம் வெய்யிலை இழுக்கும்.

இன்னொண்டு, இதை நான் எல்லாருக்கும் சொல்லுறனான். பழைய பனையோலைக் கடகம் கிடந்தா எறியாதேங்கோ. வாளியை அதுக்குள்ள இறக்கி, நடுவில வாற இடைவெளிக்கு தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பிச்சு அடைஞ்சு விட்டா, வெளிச்சூடு வாளியில நேர படாது. பொச்சை நனைச்சு விட்டா இன்னும் குளிர்மை. கடகம் ஒரு வருசத்தில உக்கிப்போகும்தான், அதையும் எருக்குழியில போடலாம்.

மண்ணுக்கு வாறன். காணி மண்ணை மட்டும் அள்ளிப் போட்டிருந்தா அது மாரிக்குக் களியாகி, கோடைக்குக் கல்லாகும். மேல்மண் ஒரு பங்கு, நல்லா உக்கின மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளில உப்பு இருக்கும், ரெண்டு மூண்டு தரம் தண்ணியில அலசிப் பிழிஞ்சு போட்டுத்தான் கலக்கவேணும். வாளிக்கு அடியில சுண்டுவிரல் மொத்தத்தில அஞ்சாறு ஓட்டை போடுங்கோ. ஓட்டைக்கு மேல கல்லுப் போட்டாத்தான் தண்ணி வடியும் எண்டு எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறவை, நானும் கன காலம் செய்தனான், ஆனா அது பிழை. கல்லுக்கு மேல நிக்கிற மண் முழுக்க ஊறின பிறகுதான் தண்ணி கல்லுக்குள்ள இறங்கும், அப்ப ஈரம் தேங்குற இடம் இன்னும் வேருக்குக் கிட்ட வந்திடும், மண் பிடிக்கிற இடமும் குறையும். மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு பழைய நுளம்பு வலை காணும். கடைசியா, மண்ணுக்கு மேல வைக்கோலோ சருகோ ரெண்டு அங்குலத்துக்குப் போட்டு மூடிவிடுங்கோ, இதைச் செய்யாமல் வன்னிக் கோடையில சாடியில ஒண்டும் வளர்க்க ஏலாது, சோளகக் காத்து தொடங்கினா மேல்மண் அரை நாளில காய்ஞ்சிடும்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில பிள்ளையளோட சேந்து பழைய ரயரில பூக்கண்டு வைச்சு மதிலில தொங்கவிட யோசிக்கிறம். டெங்கு வரும் எண்டு சிலர் பயப்பிடுத்தினம். இந்த யோசனையைக் கைவிடலாமா?
ஒரு ஆசிரியர், மல்லாவி

பதில்: கைவிடவேண்டாம் சேர், ஆனா அவையள் பயப்பிடுறதில நியாயம் இருக்குது. ரயரின்ர உள் மடிப்புக்குள்ள தேங்குற தண்ணியை வெளியால பாத்தாத் தெரியாது, முட்டை நுளம்பாக ஏழு, பத்து நாள் காணும். அதோட டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணிக்குள்ள இல்லை, தண்ணி மட்டத்துக்கு மேல சுவரில ஒட்டித்தான் இடும், அது காய்ஞ்சு மாசக்கணக்கில கிடந்தாலும் மாரி மழை பட்ட உடன பொரிக்கும். அதால தண்ணியை ஊத்திவிட்டாக் காணாது, முதலில உள்ளுக்குச் சவுக்காரம் போட்டு பிரஷால நல்லா உரஞ்சுங்கோ. பிறகு தொங்கவிடுற ரயரின்ர கீழ்ப்பக்கம் நாலஞ்சு இடத்தில ட்ரில் பண்ணி, மடிப்புக்குள்ள வெறுவிடம் இல்லாமல் மண்ணை அமத்தி நிரப்புங்கோ. ரெண்டு மழைக்குப் பிறகு மண் இறங்கும், அப்ப திரும்ப நிரப்பவேணும், இதை ஆரும் செய்யிறேல்ல. ஒவ்வொரு வெள்ளியும் பாக்கிறதுக்கு ரெண்டு பிள்ளையளைப் பொறுப்பா விடுங்கோ.

பத்துமணிப்பூவும் நித்தியகல்யாணியும் ரயரில நல்லா வரும். கீரை, மிளகாய் வைக்கிறதுக்கு நான் ரயரை எடுக்கிறேல்ல, ரப்பரில இருந்து நாகமும் வேற இரசாயனமும் மண்ணில இறங்கும், பிள்ளையள் சாப்பிடுற சாமானுக்கு ஏன் அந்தச் சந்தேகம்.

கேள்வி: வயலுக்கு அடிச்ச மருந்துக் கான் இருபது கிடக்குது, நல்ல கெட்டிப் பிளாஸ்ரிக். கழுவிப்போட்டு கீரை போடலாமோ?
முத்தையன்கட்டு வாசகர்

பதில்: கூடாது அண்ணை. கீரையும் கூடாது, பூவும் கூடாது, தண்ணி அள்ளுறதும் கூடாது. மருந்து பிளாஸ்ரிக்குக்குள்ள ஊறியிருக்கும், சவுக்காரம் போட்டாலும் போகாது. கான் முடிஞ்ச உடனயே மூண்டு தரம் அலசி, அலசின தண்ணியையும் மருந்து அடிக்கிற ராங்கிக்குள்ளயே விட்டு, பிறகு கானில ஓட்டை போட்டு ஆரும் திரும்ப எடுக்கேலாமல் செய்யுங்கோ. எரிக்கவும் வேண்டாம், கிணத்துக்குக் கிட்ட புதைக்கவும் வேண்டாம். பழைய பற்றறிப் பெட்டியும் இப்பிடித்தான், அதில ஈயம். ஒரு சாமானை எடுக்க முதல் இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது எண்டு கேளுங்கோ, தெரியாட்டி எடுக்காதேங்கோ.

உங்களிட்ட உரப்பை கட்டாயம் இருக்கும். அதைக் கழுவிக் காயவைச்சு, ரெண்டு பையை ஒண்டுக்குள்ள ஒண்டு விட்டு, வாயை வெளியால மடிச்சு கத்தரி வையுங்கோ. ஒற்றைப் பை வெய்யிலுக்கு ஒரு போகத்தில பொடிஞ்சு நூல் நூலா மண்ணில கலந்திடும், அதுக்கு முதல் மாத்திப்போடுங்கோ.

கேள்வி: காணி துப்பரவாக்கேக்க பித்தளை மாதிரி நீளமான ஒரு கோது வந்தது. வடிவா இருக்குது, மினுக்கி அதுக்குள்ள பூக்கண்டு வைக்கலாம் எண்டு மகன் சொல்லுறான்.
ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, இதுக்கு மட்டும் நான் கெஞ்சிக் கேக்கிறன், தொடாதேங்கோ. அது சண்டைக்கால ஷெல்லின்ர கோதா இருக்கலாம், வெறும் கோதோ, உள்ளுக்கு வெடிமருந்து கிடக்குதோ எண்டு பாத்துச் சொல்ல எங்களால ஏலாது. மினுக்கிறதும் சூடு காட்டுறதும் ட்ரில் போடுறதும்தான் ஆகக் கூடாத வேலை. வீட்டை கொண்டு வந்திட்டியள் எண்டா வைச்ச இடத்திலயே விட்டிட்டு, பிள்ளையளை அங்கால அனுப்பிப்போட்டு, 119க்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கோ, வந்து எடுப்பினம். அது வந்த இடத்திலயும் இனி மண்வெட்டி போடவேண்டாம், அவை பாத்துச் சொல்லுமட்டும் ஒருத்தரும் போகாதேங்கோ. சண்டை 2009இல முடிஞ்சாலும் மண்ணுக்குள்ள கிடக்கிறது அப்பிடியே கிடக்குது. மகனிட்ட ஒரு பழைய செம்பைக் குடுங்கோ, அதை மினுக்கி வைக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் புதுப் பானை எடுக்கிறம். பழைய பானையளை எறிய மனம் வருகுதில்லை, நாலு சேந்திட்டுது. அதோட தண்ணிப் பானை ஒண்டு வாய் உடைஞ்சு கிடக்குது.
ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: உங்கட கேள்வியைப் பாத்து எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டா மண்பானையை விட எங்கட இடத்துக்கு நல்ல சாடி இல்லை. மண் மூச்சு விடும், ஈரம் கசிஞ்சு ஆவியாகேக்க வேர் குளிரும். பொங்கல் பானைக்கு அடியில ஓட்டை போட முதல் ஒரு இரவு முழுக்கத் தண்ணியில ஊறவிடுங்கோ, பிறகு கவிழ்த்து மணலில வைச்சு, ஆணியால மெல்ல மெல்லக் கொத்துங்கோ, அவசரப்பட்டா ரெண்டாப் பிளக்கும். அதில வல்லாரை, பொன்னாங்காணி வையுங்கோ.

வாய் உடைஞ்ச தண்ணிப் பானையில ஓட்டை போடாதேங்கோ. அதைக் கழுத்து மட்டும் மண்ணுக்குள்ள தாட்டு, சுத்திவர ஒரு சாண் தள்ளி நாலு மிளகாய்க்கண்டு நட்டு, பானையை நிரப்பி தட்டால மூடிவிடுங்கோ, மூடாட்டி நுளம்பு வந்திடும். தண்ணி பானைச் சுவரால கசிஞ்சு வேருக்கு நேர போகும், மேல வெய்யிலில ஒண்டும் வீணாப் போகாது. பொங்கல் பானை இதுக்குச் சரிவராது, பாலும் நெய்யும் ஊறி, கரியும் பிடிச்சு, அதின்ர கண் அடைபட்டிருக்கும். தாட்ட பானையை முதல் கிழமை ஒவ்வொரு நாளும் திறந்து பாருங்கோ, எத்தினை நாளில வத்துது எண்டு பிடிபட்டிட்டா பிறகு அந்தக் கணக்குக்கு ஊத்தினாக் காணும்.