வயலின் பிருடை நழுவினால் கடையுடன் சண்டை வேண்டுமா?

மகளுக்கு வெள்ளவத்தையில் வாங்கிய வயலினில் சுருதி நிற்கவில்லை, கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பிருடையை, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மர முளையைப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் மரம் உலர்ந்து சுருங்கினால் அது நழுவும். கொழும்பின் ஈரக்காற்றில் ஊதி இறுகும். பிருடையைக் கழற்றி, உராயும் இடத்தில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியை இலேசாகத் தடவி, உள்நோக்கி அழுத்தியபடியே முறுக்குங்கள். ஒவ்வொரு தந்தியாகச் செய்யுங்கள். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரை சாய்ந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் பிருடை துளைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அது கடைக்காரர் சரிசெய்ய வேண்டிய குறை. வயலினையே மாற்றக் கேட்பதைவிட, பிருடையைப் பொருத்தித்தரக் கேளுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். கையை விரித்தால் பற்றுச்சீட்டுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடலாம், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடவில்லைதானே?