சுண்டெலி ரத்தத்தில் ஈபிஓ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஆய்வு மாணவி. சுண்டெலி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எரித்ரோபொயட்டின், அதாவது ஈபிஓ என்ற ஹார்மோனின் அளவை எலைசா கிட் (ஆன்டிபாடியால் பிடித்து, நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) வைத்துப் பார்க்கிறேன். சாதாரண எலிகளுக்கு நிறமே சரியாக வரவில்லை. ரத்தசோகை உண்டாக்கிய எலிகளுக்கோ சோதனைத் தட்டின் குழி முழுக்க அடர்மஞ்சள், ஸ்டாண்டர்டின் (ஒப்பிட வைக்கும் அளவு தெரிந்த மாதிரி) உச்சத்தையே தாண்டிவிடுகிறது. கிட் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கிட் மேல் பழி போடாதீர்கள், இந்த ஹார்மோனின் குணமே அப்படித்தான். சிறுநீரகத்தில் உள்ள சில செல்கள் ஆக்சிஜன் குறைவதை மோப்பம் பிடித்து ஈபிஓவைச் சுரக்கும், அது போய் எலும்பு மஜ்ஜையில் (எலிக்கு மண்ணீரலிலும்) சிவப்பணு உற்பத்தியைத் தட்டி எழுப்பும். எல்லாம் சரியாக இருக்கும்போது ரத்தத்தில் இருப்பது சொற்பம். ரத்தசோகை கடுமையானால் நூறு மடங்குக்கு மேலும் ஏறும். ஆக, இரண்டு கூட்டத்தையும் ஒரே அளவு நீர்க்கச் செய்து ஒரே தட்டில் வைத்தால் ஒன்று தரையில் கிடக்கும், இன்னொன்று கூரையில் இடிக்கும்.

ரத்தசோகை எலிகளின் சீரத்தைப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு என்று இரண்டு விதமாக நீர்க்கச் செய்து வையுங்கள், அதுவும் கிட்டோடு வரும் திரவத்தில்தான், சும்மா உப்புக் கரைசலில் அல்ல. பெருக்கிப் பார்த்தால் இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். வரவில்லையென்றால் சீரத்தில் வேறு ஏதோ ஆன்டிபாடியைக் குழப்புகிறது என்று அர்த்தம், அந்த எண்ணை நம்பி வரைபடம் போட்டுவிடாதீர்கள். உச்ச ஸ்டாண்டர்டைத் தாண்டிய குழிக்கு மென்பொருள் ஓர் எண்ணை நீட்டும், அதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 25 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிலிட்டருக்குள். உயிரோடு வைத்துக்கொண்டு ஒரு தடவையில் எடுக்கக்கூடியது அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 மைக்ரோலிட்டருக்கும் குறைவு, அதில் பாதி செல்லாகப் போய்விட்டால் சீரம் 80 மைக்ரோலிட்டர் தேறினால் அதிர்ஷ்டம். குழிக்கு 50 வீதம் இரட்டையாக வைக்கவே போதாது. சரி, நாளைக்குக் கொஞ்சம், நாளை மறுநாள் கொஞ்சம் என்று அதே எலியிடம் எடுக்கலாமே என்று தோன்றும். ரத்தம் எடுப்பதும் ரத்த இழப்புதானே, சில மணி நேரத்தில் ஈபிஓ ஏறத் தொடங்கிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது உங்கள் மருந்தின் விளைவையா உங்கள் ஊசியின் விளைவையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் தனி எலிக் கூட்டம் வைத்து, கடைசியில் மயக்கத்தில் இதயத்திலிருந்து ஒரே தடவையாக எடுப்பதுதான் உருப்படியான வழி. எலிகளின் எண்ணிக்கை கூடும், அதை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிவிடுங்கள்.

சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் செல் உடைந்திருக்கிறது, தனியாகக் குறித்து வையுங்கள். சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறையவைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு எலிக்கும் ஹீமடோக்ரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்தே ஆக வேண்டும், அது இல்லாத ஈபிஓ எண்ணுக்குப் பொருளே கிடையாது. சிறுநீரகம் கெட்ட எலிக்கு ஈபிஓ ‘நார்மல்’ என்று வரலாம், ஆனால் அந்த அளவு ரத்தசோகைக்கு அது எகிறியிருக்க வேண்டும், எகிறாததுதான் அங்கே நோய்.

கேள்வி: எலிக்கு மனித ஈபிஓ ஊசி போட்டிருக்கிறோம். எலி கிட்டில் அது தெரியுமா?

பதில்: தெரியும் என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். மனித ஈபிஓவும் எலி ஈபிஓவும் ஐந்தில் நான்கு பங்கு ஒன்றுபோலத்தான், அதனால் மனிதனுடையது எலியிடம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆன்டிபாடிக்கு அந்த மீதிப் பங்கே போதும், ஆளை மாற்றிச் சொல்லிவிடும். ஊசி மருந்தையே கொஞ்சம் நீர்க்கச் செய்து இரண்டு குழியில் விட்டுப் பாருங்கள், அரை நாளில் விடை கிடைத்துவிடும். எலி கிட் மனித ஈபிஓவைப் பிடிக்கவில்லையென்றால் ஒருவகையில் நல்லதுதான், எலி தானாகச் சுரப்பதை மட்டும் தனியாக அளக்கலாம்.

கேள்வி: எலைசா வருவதற்கு முன்னால் இதை எப்படி அளந்தார்கள்?

பதில்: எலியையே கருவியாக்கினார்கள்! சுண்டெலிகளைக் காற்றழுத்தம் குறைந்த அறையில் நாள்கணக்கில் வைத்து, மலையேறியவர்களுக்கு ஆவதுபோல் சிவப்பணுவைப் பெருக வைப்பார்கள். பிறகு சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்தால், ரத்தம்தான் ஏராளமாக இருக்கிறதே என்று அதன் சொந்த ஈபிஓ கிட்டத்தட்ட நின்றுவிடும். அப்போது சோதிக்க வேண்டிய சாம்பிளை ஊசியில் ஏற்றி, அடுத்து கதிரியக்க இரும்பு 59ஐ ஏற்றி, புதுச் சிவப்பணுக்களில் அந்த இரும்பு எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணுவார்கள். ஒரு சாம்பிளுக்கு ஒரு வாரம் ஓடிவிடும், இத்தனை பாடுபட்டும் ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் இருக்கும் சொற்ப அளவு அதில் சிக்காது.

சுத்தமான ஈபிஓ கைக்கு வந்ததே 1977இல்தான். ஜப்பானின் குமமோட்டோவில் மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளிடம் ஆய்வாளர் மியாகே சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து, சிகாகோவில் கோல்ட்வாஸர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பிரித்தார்கள், தேறியது சில மில்லிகிராம். 1985இல் ஈபிஓவின் மரபணு நகலெடுக்கப்பட்டது, 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ், ஈபிஓ ஊசியும் போடுகிறார்கள். அவருக்கும் ரத்தத்தில் இதை அளந்து பார்க்க வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டாம். சிறுநீரக நோயில் ஈபிஓ போதாது என்பது தெரிந்ததுதான், ஊசியின் அளவை ஹீமோகுளோபினைப் பார்த்துத்தான் கூட்டிக் குறைப்பார்கள். ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்தை. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு) என்ற இரண்டு பரிசோதனையும் கடைசியாக எப்போது எடுத்தது என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்.