நிறுவனத்துக்குள்ளேயே தொழில்முனைவு: ஊழியருக்கு நன்மையா, கூடுதல் சுமையா?

தாங்கள் பணிபுரியும் பெரிய நிறுவனம் ஊழியர்களைப் புதிய தொழில் யோசனைகளில் ஈடுபடச் சொல்வதாகவும், அது அவர்களுடைய நலனுக்கு உகந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில், வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைத் தாம் விரும்பும் முயற்சிக்குச் செலவிடலாம் என்பது நெடுங்கால வழக்கம். அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968-இல் உருவாக்கிய, லேசாக ஒட்டி எளிதில் பிரிந்துவிடும் பசைக்குப் பல ஆண்டுகள் உருப்படியான பயன் ஏதும் அகப்படவில்லை. தேவாலயப் பாடற்குழுவில் பாடிவந்த சக ஊழியர் ஆர்ட் ஃபிரை, பாட்டுப் புத்தகத்திலிருந்து நழுவி விழும் அடையாளச் சீட்டுகளுக்கு அதைப் பூசலாம் என்று 1974-இல் எண்ணினார். 1980-இல் அந்தப் பசை பூசிய போஸ்ட்-இட் குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. விற்காத ஒரு பசையைப் பற்றிச் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்த சில்வரை அத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார்களே, அதைத்தான் நான் ஊழியர் நலன் என்பேன்.

நேரம் கிடைத்தாலும் பலனில் பங்கு இல்லாவிட்டால் கசப்பே மிஞ்சும். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஒளிமிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கிய ஷூஜி நாகமுரா, தமக்குக் கிடைத்த வெகுமதி 20,000 யென் மட்டுமே என்றார். அவர் வழக்குத் தொடுக்க, 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் வழங்கச் சொன்னது. மேல்முறையீட்டின்போது, 2005-இல், ஏறத்தாழ 84 கோடி யெனுக்குச் சமரசம் ஆயிற்று. 2014-இல் அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அந்நிறுவனத்தில் இல்லை.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஹேக்கத்தான், அதாவது குழுக்களாக அமர்ந்து புதிய யோசனைகளை விரைவாக உருவாக்கிப் பார்க்கும் போட்டி, எப்போதும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும். திங்கட்கிழமை டெட்லைனில் மாற்றம் இராது. (பீட்சா மட்டும் தாராளமாக வரும்.) தீராத பணியிட அழுத்தம் சரிவரக் கையாளப்படாததன் விளைவே பணிச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்னும் தன் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் விளக்குகிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல், மேலே இன்னொரு வேலையை ஏற்றிவிட்டு, யோகா வகுப்பும் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனவே, சேருமுன் மேலாளரிடம் கேளுங்கள்: உங்கள் வழக்கமான வேலையில் எந்தப் பகுதி வேறொருவருக்கு மாற்றப்படும், முயற்சி தோற்றால் ஆண்டு அப்ரைசலில் அது எப்படிப் பதிவாகும், வென்றால் காப்புரிமையிலும் வருவாயிலும் உங்களுக்கு என்ன கிடைக்கும். பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; மேலாளர்கள் அடிக்கடி மாறுவார்கள்.