லைசென்ஸுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். லிஃப்ட் வேலை கற்க ஆசைப்படுகிறான். ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதத்தில் 'லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ்' வாங்கித் தந்து, சிங்கப்பூருக்கும் அனுப்புவதாகச் சொல்லி 85,000 ரூபாய் கேட்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே முடியாது என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் எங்கள் உறவினர். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
- ஒரு தாய், கண்டனூர்

பதில் (ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், தேவகோட்டை):

வேண்டாம் தங்கச்சி, நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் உறவினர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மெக்கானிக்குக்கே லைசென்ஸ் உண்டு. அங்கேயும் தொழிற்சங்கத்து வழியில் போகிற பையன் நாலு வருஷம் அப்ரண்டிஸாக, அதாவது வேலை செய்துகொண்டே கற்பவனாக, உழைக்கிறான். முதல் வருஷத்திலேயே மெக்கானிக் சம்பளத்தில் பாதியாவது கைக்கு வருகிறது. கற்கிறவனுக்குத்தான் காசு தருகிறார்கள்.

நம் மாநிலத்தில் 1997-ஆம் வருஷத்து லிஃப்ட் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டியது லிஃப்டுக்கு. அதைக் கட்டட உரிமையாளர் மின் ஆய்வுத் துறையிடம் வாங்குவார். மூன்று மாதத்தில் அந்த மையம் தருவது அவர்களே அச்சடித்த சான்றிதழாகத்தான் இருக்கும்.

பையனை அரசு ஐ.டி.ஐ.யில் சேருங்கள். விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேளுங்கள். லிஃப்ட் அண்ட் எஸ்கலேட்டர் மெக்கானிக் என்றே இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது, ஆனால் எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது. பக்கத்தில் கிடைக்காவிட்டால் அமராவதிபுதூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேரட்டும். நான் பார்த்த நல்ல லிஃப்ட்காரர்களில் பலர் எலக்ட்ரீஷியன்தான். பிறகு கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றையும் வாங்கிவிட்டால் எங்கே போனாலும் மதிப்பு.

படிப்பு முடிந்ததும் ஒரு லிஃப்ட் கம்பெனியில் அப்ரண்டிஸ். ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் என்று 2019 விதிகளில் வைத்தார்கள். உண்மையான செலவு இங்கேதான் வரும். மதுரையிலோ சென்னையிலோ அறை வாடகை, சாப்பாடு. அந்தப் பணம் அதற்கே சரியாகிவிடும், மாதாமாதம் நீங்களும் கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும். சேஃப்டி ஷூ, பெல்ட், மல்டிமீட்டரைக் கம்பெனி தராவிட்டால் நல்லதாகவே வாங்கிக் கொடுங்கள். இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

இந்த நீண்ட பயிற்சியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிட்டில், அதாவது லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில், இறங்குமுன் ஸ்டாப் சுவிட்சை அமுக்கி, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். கார், அதாவது ஆட்கள் நிற்கும் லிஃப்ட் பெட்டி, அதன் மேல் ஏறினால் இன்ஸ்பெக்ஷன் என்ற மெதுவான பராமரிப்பு ஓட்டத்தில் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். காருக்கு எதிர்த்திசையில் ஏறி இறங்கும் எடையான கவுண்டர்வெயிட் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது எந்நேரமும் நினைவில் இருக்க வேண்டும். மூத்த மெக்கானிக் ஒருவரின் பின்னாலேயே வருஷக்கணக்கில் நடந்தால்தான் இது கைப்பழக்கமாகும். மூன்று மாதம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையைத் தனியாக ஷாஃப்டுக்குள் (லிஃப்ட் ஓடும் சுவர்க் கூண்டுக்குள்) அனுப்ப என் மனம் ஒப்பாது.

சிங்கப்பூர் ஆசை தப்பில்லை, நம் பக்கத்தில் கடல் கடக்காத குடும்பம் எது? அனுபவம் சேர்ந்த பிறகு போகட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அந்த மையத்தாரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள். தராவிட்டால் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

இங்கேயும் வேலை இருக்கிறது, தங்கச்சி. மாடி ஏற முடியாத ஆச்சிகளுக்காகப் பெரிய வீடுகளில் இப்போது ஹோம் லிஃப்ட் வைக்கிறார்கள். பழைய வீடுகள் ஹோட்டலாகின்றன. லிஃப்ட் நின்றால் வெளியூர் ஆளுக்குக் காத்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பு பெரும்பாலும் மே, ஜூனில் வரும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.