கொட்டகை என்றால் குறைச்சலா?

கேள்வி: எங்கள் ஊரின் பழைய தியேட்டரை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள். அதன் வரலாற்றை மலராகக் கொண்டுவர இருக்கிறோம். ஆரம்பத்தில் அது நாடகக் கொட்டகையாம். அதை விட்டுவிட்டு, முதல் பேசும்படத்திலிருந்து தொடங்கலாம் என்கிறது மலர்க்குழு. சரிதானே?

பதில்: சரியில்லை. தாத்தாவை மறைத்து வம்சாவளி எழுத ஒரு குழு வேறா?

'சினிமாக் கொட்டகை' என்பதே நாடகத்திடம் வாங்கிய பெயர். பெயர் மட்டுமா? 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி, நாடக மேடையிலிருந்து போனவர். 1934-இல் வெளியான 'பவளக்கொடி', தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் ஏற்கெனவே மேடையில் நடித்துவந்த நாடகம். நேரில் பாடிக் கேட்டவர்களையே ஜனங்கள் திரையில் போய்ப் பார்த்தார்கள்.

எழுத உட்காரும் முன் அளவு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி வைக்கக் கொஞ்சம் இடம் போதும். அதற்கும் பின்னால் பத்துப் பதினைந்து அடி ஆழம் இருந்து, பக்கவாட்டில் ஆள் வந்துபோக வழியும் இருந்தால், அது ராஜபார்ட் நின்ற மேடை. பிறகு, புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் கேபின். அதன் செங்கல் கட்டடச் சுவரோடு பின்னியிருக்கிறதா, பிற்பாடு ஒட்டவைத்ததுபோல் விலகி நிற்கிறதா? அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதனால்தான் அந்த அறைக்குத் தனிச் சுவர். ஒளி வரும் துவாரத்துக்கு இரும்பு மூடி. செங்கல் பின்னாமல் விலகி நின்றால், சினிமா பிற்பாடு வந்து குடியேறியது என்று அர்த்தம்.

அந்தத் தீ பயம் உங்களுக்கு ஓர் உபகாரமும் செய்திருக்கிறது. 1918-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி அப்போது லைசென்ஸ் இல்லாமல் படம் காட்ட முடியாது. சென்னைக்கு வெளியே அதைக் கொடுத்தவர் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். கலெக்டர் அலுவலகத்துப் பழைய கட்டுகளில் கரையான் மிச்சம் வைத்த தேதி ஏதாவது இருக்கும். திண்ணையில் விசாரித்தால் மூன்று பெரியவர்கள் மூன்று 'முதல் பட'த்தைச் சொல்வார்கள். மூவரும் சூடத்தில் அடித்துச் சத்தியமும் செய்வார்கள்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், பிரமுகர்களின் வாழ்த்துக்கு மட்டும் பதினாறு பக்கம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்தேன். அதில் நாலைந்து பக்கத்தைப் பிடுங்கி, ஆபரேட்டருக்கும் டிக்கெட் கிழித்தவருக்கும் இடைவேளையில் முறுக்கு விற்றவருக்கும் கொடுங்கள். கட்டடம் இடிவதற்குள் அவர்களை உள்ளே அழைத்துப்போய்ப் பேசவிடுங்கள்.