பெரிய அளவு மாதிரி ரயில்கள்: எந்தப் பிராண்டு உழைக்கும்?

கேள்வி: 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி, எல்ஜிபி என்ற ஜெர்மன் பிராண்டின் ‘ஸ்டைன்ஸ்’ என்ற சிறிய நீராவி இஞ்சினையும், வேறொரு நிறுவனத்தின் அமெரிக்கச் சரக்குப் பெட்டிகள் மூன்றையும் வாங்கினேன். ஓடுவதில் குறையில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் இஞ்சின் குட்டியாகத் தெரிகிறது. இரண்டில் எது தரக்குறைவானது? (வாசகர், ஸ்டுட்கார்ட்)

பதில்: இரண்டுமே தரக்குறைவானவை அல்ல; அளவு விகிதம்தான் வேறு. அட்டைப்பெட்டியின் மேல் உள்ள ‘ஜி’ என்ற எழுத்து தண்டவாளத்தின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. நூரெம்பர்க்கின் லேமான் நிறுவனம் 1968-இல் எல்ஜிபியை அறிமுகப்படுத்தியபோது, மீட்டர் கேஜ் ரயில்களை 1:22.5 விகிதத்தில் சுருக்கியது, 1000 மி.மீ. அகலமுள்ள பாதை அந்தக் கணக்கில் ஏறத்தாழ 45 மி.மீ. ஆகிவிடும். அதே 45 மி.மீ. தண்டவாளத்தில் 1435 மி.மீ. அகலமுள்ள வழக்கமான பாதையின் ரயில்களை ஓட்டும் மார்க்லின் நிறுவனம் 1:32 விகிதத்தைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவின் மூன்றடிப் பாதை ரயில்களைச் செய்யும் அக்யுகிராஃப்டுக்கு 1:20.3 பொருந்துகிறது. இந்த மூன்றும் கணக்குப்படி சரியானவை.

யுஎஸ்ஏ டிரெய்ன்ஸ், அரிஸ்டோகிராஃப்ட் ஆகியவற்றின் 1:29 மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காதது. 45-ஐ 29-ஆல் பெருக்கினால் 1305 மி.மீ. வருகிறது, அப்படியொரு பாதை அமெரிக்காவில் கிடையாது. 1:32-இல் செய்தால் எல்ஜிபிக்கு அருகில் சிறியதாகத் தெரியும் என்று கருதி, உடலை மட்டும் பெரிதாக்கிக்கொண்டார்கள் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். நாற்பதடி நீளமுள்ள அமெரிக்கச் சரக்குப் பெட்டி அந்த விகிதத்தில் 42 செ.மீ. வரும். தங்களுடைய ஸ்டைன்ஸோ, ஆஸ்திரியாவின் குறுகிய பாதையில் ஓடிய குட்டி இஞ்சினின் மாதிரி. நிஜ வாழ்விலும் அவை இரண்டும் அப்படித்தான் நின்றிருக்கும். பிராண்டுகளின் தரத்தை ஒப்பிட விரும்புகிறவர்கள் முதலில் ஒரே விகிதத்தில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு முழுவதும் உருவத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடும்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு பின்வளவில் ஒரு பாதை போட எண்ணியுள்ளேன். பனிக்காலம் தவிர மற்ற மாதங்களில் தண்டவாளம் வெளியிலேயே கிடக்கும். எல்ஜிபி, பிக்கோ, பாக்மன், யுஎஸ்ஏ டிரெய்ன்ஸ் ஆகியவற்றுக்கிடையே விலை மிகவும் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டுக்கு ஏற்ற தரம் உண்மையிலேயே இருக்கிறதா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: இருக்கிறது, ஆனால் கடைக் கண்ணாடிக்குள் தெரியும் இடத்தில் இல்லை. இஞ்சினை மென்மையான துணியின் மேல் தலைகீழாகக் கிடத்திப் பாருங்கள். எல்ஜிபி இஞ்சினின் அடியில், சக்கரங்களுக்கு இடையே, சுருள்வில்லால் கீழ்நோக்கி அழுத்தப்படும் இரண்டு சிறிய உலோகக் காலணிகள் தெரியும். சக்கரம் அழுக்கேறி மின்சாரத்தை எடுக்கத் தவறினாலும், இவை தண்டவாளத்தை உரசிக்கொண்டே மின்சாரத்தை எடுத்துக் கொடுக்கும். தேய்ந்தால் காலணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மரத்தூசும் உதிர்ந்த இலையும் படியும் தோட்டத்தில், இஞ்சின் திக்கித் திணறாமல் மெதுவாக நகர்வதற்கு இந்தச் சிறு பாகமே பெரும் காரணம். உள்ளே உள்ள மோட்டாரும், அதைப் பற்சக்கரங்களோடு சேர்த்து மூடியிருக்கும் பெட்டியும் தூசி புகாதபடி இறுக்கமாக இருக்கும். முதற்காலத்து ஸ்டைன்ஸ் இஞ்சின்கள் பல இன்றும் ஓடுகின்றன என்பதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். வெயிலில் எளிதில் வெளுக்காத, விரைத்து உடையாத பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியதும் எல்ஜிபியின் பெயருக்கு ஒரு காரணம்.

லேமான் நிறுவனம் 2006-இல் நொடித்து, அடுத்த ஆண்டு எல்ஜிபி மார்க்லினின் கைக்கு வந்தது. பழையதுதான் தங்கம், புதியது தகரம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. புதிய இஞ்சின்களில் மின்னணுப் பலகைகள் கூடிவிட்டதால் வீட்டிலேயே பழுதுபார்ப்பது கடினமாகியிருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்வேன்.

பாக்மனைப் பொறுத்தவரை ஒரே பெயரில் இரண்டு தரங்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிக் ஹாலர் என்ற தொடக்க வரிசையின் ஆரம்பகால இஞ்சின்களில் பிளாஸ்டிக் பற்சக்கரம் அச்சில் பிளந்துவிடுவது இத்துறையில் எல்லோரும் அறிந்த குறை. பிற்காலத் தலைமுறைகளில் அதைப் பெரிதும் திருத்தினார்கள். அதே நிறுவனத்தின் 1:20.3 இஞ்சின்களோ நுணுக்கத்தில் வேறு உலகம். தொடக்கத் தொகுப்போடு வரும் மெல்லிய தகட்டுத் தண்டவாளம் வரவேற்பறைத் தரைக்கு ஆகும், மழைக்கு ஆகாது. பாக்மனின் பயணிகள் பெட்டிகள், விலையை நோக்க, நல்ல வேலைப்பாடு கொண்டவை என்பேன்.

யுஎஸ்ஏ டிரெய்ன்ஸின் டீசல் இஞ்சின்கள் கனமானவை, இழுவை மிகுந்தவை. ஆனால் கைப்பிடிக் கம்பிகள் போன்ற தனித்தனியாகப் பொருத்திய நுண்பாகங்கள், தூக்கி இறக்கும்போது ஒன்றிரண்டாக உதிரும். ஆகவே உடலைப் பிடிக்காமல் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் கையாளும் பாதை என்றால் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். ஜெர்மனியின் சோனபெர்க் நகரைச் சேர்ந்த பிக்கோ, நுணுக்கத்தைச் சற்றே குறைத்து வெயில் மழைக்குத் தாங்கும் உறுதியில் சமரசம் செய்யாமல், எல்ஜிபியைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. கைக்கு அடக்கமான தொகையில் தோட்டத்தில் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை அதுவே.

தண்டவாளத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டிப் பித்தளையாலான தண்டவாளம் வெளியில் கறுத்தாலும் அரிக்காது. தேய்த்துத் துடைத்தால் மறுபடி மின்சாரம் பாயும். வளைவை முடிந்தவரை அகலமாகப் போடுங்கள். 60 செ.மீ. ஆரம் உள்ள மிகச் சிறிய வளைவில் ஸ்டைன்ஸ் ஓடும். ஆறு அச்சு டீசல் இஞ்சின் அங்கே தடுமாறும், பிறகு பழி இஞ்சினின் மேல் விழும். ஒரு முறை, மலிவாகக் கிடைத்ததென்று பிளாஸ்டிக் சக்கரங்கள் கொண்ட ஐந்து பெட்டிகளை வாங்கி ஒரு கோடை முழுவதும் ஓட்டினேன். தண்டவாளத்தின் மேல் கறுப்பு மெழுகு போன்ற ஒரு படலம் ஏறி, நல்ல இஞ்சினே நின்று நின்று போனது. அவற்றை உலோகச் சக்கரங்களாக மாற்றிய பின்தான் குற்றம் இஞ்சினுடையது அன்று என்பது புரிந்தது.

கேள்வி: நீலகிரி மலை ரயிலைப் போன்ற ஒன்றை இந்த அளவில் அமைக்க ஏற்ற பிராண்டு எது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எல்ஜிபியைத் தவிர வேறு பேச்சில்லை. நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ் என்பதால் 1:22.5 அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். நம்முடைய 1676 மி.மீ. அகலப் பாதையை இதே தண்டவாளத்தில் காட்ட வேண்டுமானால் 1:37 தேவைப்படும். அந்த விகிதத்தில் யாரும் கடைக்குக் கொண்டுவருவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து, தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்கள் கொண்ட சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் பற்சட்ட இஞ்சின்களின் மூல வடிவம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவானது. அதே தொழிற்சாலை சுவிஸ் ஃபுர்கா பாதைக்குச் செய்த மீட்டர் கேஜ் பற்சட்ட இஞ்சினை எல்ஜிபி மாதிரியாகச் செய்திருக்கிறது. உறவுமுறையில் அது நம் இஞ்சினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். தண்டவாளங்களின் நடுவே பொருத்தும் பற்சட்டமும் எல்ஜிபியில் தனியாகக் கிடைக்கும்.

கேள்வி: பயன்படுத்திய அரிஸ்டோகிராஃப்ட் டீசல் இஞ்சின் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: அந்த நிறுவனம் 2013 இறுதியில் மூடப்பட்டது, இஞ்சின் திடமானது என்றாலும் உதிரிப் பாகங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் பிடித்து அச்சின் மேல் திருகிப் பாருங்கள். அச்சு நகராமல் சக்கரம் மட்டும் சுழன்றால் வேண்டாம். பிறகு மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் முன்னும் பின்னும் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஒரே இடைவெளியில் ‘டொக் டொக்’ என்று ஒலி வந்தால், பற்சக்கரத்தில் பிளவு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர் ஓட்டிக் காட்டத் தயங்கினால், பாதி விலையும் அதிகமே.